இன்குபேட்டருக்கும் பாய்மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிஸ்டரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் காசிமேட்டில் பிறந்தவர். வடசென்னை அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பணியாற்றி, தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்றவர்.)

வெளிநாட்டில் ஒருவர் பாய்மரப் படகில் பெருங்கடலைத் தாண்டும் பந்தயத்தில் கலந்துகொண்டு, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகப் பணம் திரட்டுகிறார் என்று என் மகன் செல்போனில் காட்டினான். குழந்தை கிடப்பது கண்ணாடிப் பெட்டியில், இவர் போவது கடலில். அந்தப் படகுக்குச் செலவழிக்கிற பணத்தை நேராக ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டுப் போகலாமே, சிஸ்டர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

கட்டலாம் அம்மா. யார் கட்டுகிறார்கள்?

பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கை கழுவி, அங்கி போட்டால்தான் உள்ளே விடுவோம். கிருமி வரக்கூடாது என்பதற்காக ஆட்களை நாங்களே விரட்டுகிறோம். அதனால் உள்ளே ஒரு கிலோ எடையில் ஓர் உயிர் மூச்சுக்குப் போராடுவதைப் பெற்றவளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தார்கள். பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மேல். இந்தக் கணக்கைச் சொன்னால் எல்லோரும் 'ஐயோ பாவம்' என்பார்கள், அத்தோடு சரி. ஒருவர் தனியாகக் கடலில் போகிறார் என்றால் காலையில் எழுந்ததும் 'எங்கே வந்திருக்கிறார்?' என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத்தான் இவர்கள் பணமாக மாற்றுகிறார்கள்.

குறைமாதக் குழந்தைகளும் வேடிக்கையும் சேர்ந்து வருவது புதிதும் அல்ல. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்று ஒருவர் இருந்தார். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில், ராட்டினங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகை போட்டு, உள்ளே இன்குபேட்டர் என்ற அந்தச் சூடான கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றில் உயிருள்ள குறைமாதக் குழந்தைகளைக் கிடத்தினார். பார்க்க வந்தவர்களிடம் 25 சென்ட் டிக்கெட் வாங்கினார். 1903-இல் தொடங்கி 1943 வரை நடந்தது. படிக்கும்போதே உடம்பு கூசுகிறது அல்லவா? எனக்கும் கூசியது. ஆனால் பெற்றோரிடம் அவர் ஒரு காசு வாங்கவில்லை. பாலூட்டும் தாய்மார், நர்ஸ்கள், நிலக்கரி எல்லாம் அந்த டிக்கெட் காசில்தான். 'இவை பிழைக்காது' என்று ஆஸ்பத்திரிகள் கைவிட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அந்தக் கொட்டகையில் பிழைத்துப் போயின. அவர் முறையாக டாக்டருக்குப் படித்தவர்தானா என்பதே இன்று வரை சந்தேகம். அவருடைய சொந்த மகளும் குறைமாதத்தில் பிறந்து, அந்தப் பெட்டிகளில் ஒன்றில் வளர்ந்தவள்தான்.

அதோடு ஒப்பிட்டால் பாய்மரக்காரர் எவ்வளவோ மேல். குழந்தையை வேடிக்கைப் பொருளாக்கவில்லை, தன்னையே ஆக்கிக்கொள்கிறார்.

பணம் வரும் வழிகள் சில உண்டு. படகுச் செலவைப் பெரிய கம்பெனிகள் விளம்பரத்துக்காக ஏற்கும், பாயில் அவர்கள் பெயர் இருக்கும். 'இத்தனை கடல் மைல் போனால் மைலுக்கு இவ்வளவு தருகிறேன்' என்று தெரிந்தவர்கள் வாக்குக் கொடுப்பார்கள். பிரான்சில் வாந்தே குளோப் என்று ஒரு பந்தயம் 1989-இலிருந்து நடக்கிறது. ஒற்றை ஆள், பதினெட்டு மீட்டர் படகு, எங்கும் கரை ஒதுங்காமல், யார் உதவியும் பெறாமல் பூமியை ஒரு சுற்று. வென்றவருக்கே 2024-25 பந்தயத்தில் 64 நாள் பிடித்தது. இதில் ஓடிய சமந்தா டேவிஸ் என்ற பெண்மணியின் படகுக்கு 'இனிஷியேட்டிவ்ஸ் கர்' என்று பெயர். இணையத்தில் அந்தப் படகைப் புதிதாகப் பின்தொடரும் ஒவ்வொருவருக்கும் ஒரு யூரோ வீதம் படகை ஆதரிக்கும் கம்பெனிகள் கொடுக்கின்றன. அந்தப் பணத்தில், தங்கள் நாட்டில் வைத்தியம் கிடைக்காத குழந்தைகளைப் பிரான்சுக்கு அழைத்து இதய அறுவை சிகிச்சை செய்கிறார்கள். இது இதயத்துக்காக நடப்பது, குறைமாதத்துக்கு அல்ல. வழிமுறை ஒன்றுதான் என்பதால் சொன்னேன்.

நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் 'நான் கடலுக்குப் போகிறேன், பணம் தாருங்கள்' என்றால் முதல் கேள்வியாக, படகுச் செலவு தனியா, குழந்தைகளின் பணம் தனியா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே பையில் இருந்தால் உங்கள் பணம் கயிறு வாங்கத்தான் போகும்.

படகு பாதியில் உடைந்துவிட்டால்? கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவார்களா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

கொடுக்கும்போதே தோல்வியைக் கணக்குப் போடும் உங்களைப் போன்றவர்கள்தான் சங்கத்துக்குப் பொருளாளராக இருக்க வேண்டும். மேலே சொன்ன சமந்தா டேவிஸ் படகு 2020 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே மிதந்துகொண்டிருந்த எதன் மீதோ மோதி, அடிப்பகுதி சேதமானது. கேப்டவுனில் கரை ஒதுங்கியதால் பந்தயத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. படகைச் சரிசெய்துகொண்டு, பந்தயக் கணக்கில் இல்லாமலேயே மீதிச் சுற்றையும் முடித்தார். அவர் கடலில் இருக்கும் வரை ஜனங்கள் பின்தொடர்ந்தார்கள், யூரோவும் சேர்ந்தது. அந்தப் பயணத்தில் நூறு குழந்தைகளுக்கு மேல் சிகிச்சை கிடைத்தது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நீச்சல் தெரியுமா, சிஸ்டர்?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

தெரியாது. கடலோரத்தில் பிறந்த பெண்களைக் கடலில் இறங்க யார் விட்டார்கள்? மீன் கூடையைத்தான் தலையில் ஏற்றினார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நன்கொடை சேர்ந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஓர் இன்குபேட்டர் வாங்கி, சங்கத்தின் பெயரைப் பொறித்துத் தரலாம் என்று எண்ணம். எந்தக் கம்பெனி நல்லது?
– வாசகர், திருவொற்றியூர்

கம்பெனியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கு இன்குபேட்டர்தான் வேண்டுமா என்று கேட்டீர்களா?

எல்லோருக்கும் இன்குபேட்டர்தான் பிடிக்கும். போட்டோவில் நன்றாக விழும், ரிப்பன் வெட்ட வசதி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நன்கொடையாக வந்த வார்மர் (மேலிருந்து சூடு கொடுக்கும் குழந்தைக் கட்டில்) ஒன்று மூலையில் துணி போர்த்தி நின்றது. குழந்தையின் தோலில் ஒட்டும் வெப்ப உணரி பழுதாகிவிட்டது, மாற்று உணரி வாங்க யாரிடமும் பணம் இல்லை. உணரி இல்லாமல் வார்மரை ஓட்டினால் குழந்தை சூடேறுகிறதா, குளிர்கிறதா என்றே தெரியாது. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தோம்.

பிரிவின் சிஸ்டரிடம் போய், 'எது அடிக்கடி தீர்ந்துபோகிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியல் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளவு காட்டும் கருவிக்குக் குழந்தை அளவு உணரி. மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் சிபாப் இயந்திரத்துக்குச் சின்ன மூக்குக் குழாய்கள், அதிலும் மிகச் சின்ன அளவு. பால் பீய்ச்சும் பம்ப். தாய் சாய்ந்து உட்காரக் கைப்பிடி வைத்த நாற்காலி. பருத்தித் தொப்பி, காலுறை.

தொப்பியா என்று சிரிக்காதீர்கள். சென்னை வெயிலில் குழந்தைக்கு எதற்குச் சூடு என்று என்னிடம் கேட்காத தாத்தா இல்லை. ஒரு கிலோ குழந்தையின் தோலுக்கு அடியில் கொழுப்பே கிடையாது. பிறந்த அறையில் மின்விசிறி ஓடினாலே உடம்பு ஜில்லென்று ஆகிவிடும். குளிர்ந்தால் சர்க்கரை குறையும், மூச்சுத் தடுமாறும். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையைப் பிறந்த ஈரத்தோடேயே கழுத்து வரை சுத்தமான பாலித்தீன் உறையில் போடுவது இப்போது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அந்த உறைக்கு என்ன விலை இருக்கும்?

இன்னொன்று, ஆக்சிஜன் சிலிண்டர், ஆக்சிஜன் கருவி என்று அள்ளிக் கொடுப்பவர்களும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் மருந்து, அளவு மீறினால் விஷம். கண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போகும். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் பணக்கார நாடுகளில்தான் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிக் குருடாயின. தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆகவே ஆக்சிஜன் கொடுப்பவர், அதைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் பிளெண்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இயந்திரமே வேண்டாம் என்றால் தாயைப் பாருங்கள். குழந்தை உள்ளே ஒரு மாதம் கிடக்கும். தாயை டிஸ்சார்ஜ் செய்துவிட்டால் அவள் தினமும் வந்துபோக வேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. வயிற்றில் தையலோடு நெரிசலில் நின்று வருவாளா? ஷேர் ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? அவள் வராத நாளில் பால் வராது. அவளுக்கு மதியச் சாப்பாடும் ஆட்டோ கட்டணமும் கொடுக்கும் சங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அதில் பெயர் பொறிக்க இடம் இல்லை என்பதால் இருக்கலாம்.

பணமாகக் கொடுப்பதானால் தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதற்குக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இவ்வளவுக்கும் பிறகு இன்குபேட்டர்தான் என்றால், மூன்று நான்கு வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்குங்கள். சங்கத்தின் பெயரைச் சின்னதாக ஓரத்தில் போடுங்கள். கண்ணாடி வழியாக நாங்கள் குழந்தையைப் பார்க்க வேண்டும்.

ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் பிழைக்காது என்று என் பாட்டி சொல்வார். உண்மையா?
– வாசகர், ராயபுரம்

பாட்டி மட்டுமல்ல, பழைய கிரேக்க மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள். தவறு. கருவறையில் கூடும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்புப் பொருள் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்ட்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. உலகத்திலேயே அதிகாரம் மிக்க தகப்பன். அப்படியும் இரண்டு நாள் நிறையும் முன் மூச்சுத் திணறி இறந்தான். அன்று வைத்தியம் இல்லை. இன்று அந்த எடையில் பிறக்கும் குழந்தையைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கவலைப்படுவதுகூட இல்லை. முன்கூட்டியே வலி கண்டால் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். நியூசிலாந்தில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சியில் தொடங்கி, 1972-இல் தாய்மாரிடம் நிரூபித்த வைத்தியம் இது. மலிவான ஊசிதான். ஆனால் பிரசவத்துக்கு முன்பே போட வேண்டும். ஆகவே எட்டாம் மாதத்தில் வலி வந்தால் நாள் நட்சத்திரம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் குழந்தை 31 வாரத்தில் 1.4 கிலோ எடையில் பிறந்தான். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். 'பெட்டி இல்லாத ஊரில் செய்கிற வைத்தியம் அது' என்கிறார் என் மாமியார். தொடர வேண்டுமா?
– வாசகி, எண்ணூர்

தொடருங்கள் மகளே. மாமியார் சொல்வதில் பாதி உண்மை. தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலையில், 1978 வாக்கில் எட்கர் ரே என்ற மருத்துவர் தாயின் மார்பிலேயே குழந்தையைக் கட்டிவைத்தார். இல்லாமையில் பிறந்த வைத்தியம்தான். பிறகு நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெட்டியும் வார்மரும் இருக்கும் ஆஸ்பத்திரிகளிலேயே, பிறந்த உடனே தாயின் மார்பில் சேர்த்த குழந்தைகளிடம் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2021-இல் வெளியான முடிவு இது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது.

எட்டு மணி நேரமும் நீங்களே சுமக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரட்டும். மாமியாரையும் ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து குழந்தையைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டமாக இருக்கும்.

கண் பரிசோதனை ஆயிற்றா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். ஆகாவிட்டால் இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். குழந்தையின் கண் வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போடப்படும். குப்புற விழுவது, உட்காருவது எல்லாம் பிறந்திருக்க வேண்டிய தேதிக் கணக்கில் நடக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அழ வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு ஜில்லென்று இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் நாட்டவர் யாராவது இப்படிக் கடல் பந்தயத்தில் ஓடியிருக்கிறார்களா?
– வாசகர், தண்டையார்பேட்டை நெடுஞ்சாலை

அபிலாஷ் டோமி. கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். 2018-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அதே மனிதர் 2022-இல் அதே பந்தயத்தில் மறுபடி இறங்கி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண். பந்தயம் இல்லாமல், நம் கடற்படையின் தாரிணி படகில் ரூபா, தில்னா என்ற இரு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபரில் கோவாவில் புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள்.

நாங்கள் கல்லூரி மாணவர்கள், ஐந்து நண்பர்கள். மூன்று பேர் மீனவக் குடும்பம். நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தில் காசிமேட்டிலிருந்து புதுச்சேரி வரை ஃபைபர் படகில் பாய் கட்டிப் போய்ப் பணம் திரட்ட ஆசை. உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.
– வாசகர்கள், காசிமேடு

ஆசீர்வாதம் தரமாட்டேன் தம்பிகளா. நவம்பர் நடுவில் வாடைக் காற்று அடிக்கும் வங்கக் கடலில், புயல் சின்னம் எப்போது வரும் என்று தெரியாத மாதத்தில், படகு விட நினைக்கிறீர்கள். மூன்று பேர் மீனவக் குடும்பம் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எனக்குக் கடிதம் வந்திருக்காது.

பாய் கட்டத் தெரியுமா என்றும் சொல்லவில்லை. என் அப்பா கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர். என் தம்பிகளுக்கு என்ஜின்தான் தெரியும், பாய் தெரியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அங்கே போய் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். நம் பக்கத்தில் என்றால் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-இலிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன் நம் சென்னைப் பெண்தான். துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பையன்கள் அந்தப் பக்கம் போய்க் கற்றுக்கொள்ளக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நவம்பர் 17-ஐ அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று கரையில் நின்று நோட்டீஸ் கொடுங்கள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குங்கள். படகை பிப்ரவரியில் விடுங்கள். மீன்வளத் துறை, கடலோரக் காவல் குழுமம் இரண்டுக்கும் எழுத்தில் தெரிவித்து, அனுமதி வந்த பிறகு மட்டும். உயிர்காப்பு உடை ஐந்து பேருக்கும். கூடவே என்ஜின் படகு ஒன்று வர வேண்டும், அதில் உங்கள் அப்பாக்களில் ஒருவர் இருக்க வேண்டும். ஆபத்தில் கூப்பிட 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரக் காவல் குழுமம்.

பணத்தை உங்களில் ஒருவரின் யுபிஐ எண்ணில் வாங்காதீர்கள். நல்ல நட்பு அதில்தான் உடையும். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும்படி பதிவு செய்த அறக்கட்டளை ஒன்றைப் பிடித்து, அதன் கணக்குக்கே நேராகப் போகும்படி செய்யுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அந்த அறக்கட்டளைக்கு அதற்கான மத்திய அரசுப் பதிவு இருந்தால்தான் வாங்கலாம்.

டீசல், சாப்பாடு, பனியன் அச்சடிப்பது எல்லாம் தனி நோட்டில். அதற்கு வேறு யாரிடமாவது, கடைக்காரர்களிடம், விளம்பரம் கேளுங்கள். பாயில் மளிகைக் கடைப் பெயர் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

திட்டத்தை எழுதிக்கொண்டு ஜனவரிக்குள் என்னை வந்து பாருங்கள், உங்கள் அம்மாக்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் சம்மதித்தால் எந்தப் பிரிவுக்கு எத்தனை மூக்குக் குழாய் வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்ற பட்டியலை நான் வாங்கித் தருகிறேன்.